பெருந்தொற்றுக்குப் பின் தமிழ்நாடு: நலமும் நீதியும் உள்ள ஊர்களைக் கட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனாவைப் பற்றிப் பேசும்போது ஊர்க்கூட்டங்களிலும் தன்னார்வக் குழுக்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். மருத்துவக் குறிப்புகள் இதில் இல்லை. நோய் தணிந்த பிறகு நம் ஊர்களில் எது சீரானது, எது இன்னும் சீராகவில்லை, அடுத்த தொற்று வருவதற்குள் எதைச் செய்து முடிக்க வேண்டும் என்பதைப் பற்றியே பேசுகிறேன்.

கொரோனா போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் எதற்கு இந்தப் பேச்சு?

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலையை விலக்கிக்கொண்டது. அரசுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு முழுவதும் 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். ஆனால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுமார் 47 லட்சம் பேர் இறந்திருக்கக்கூடும் என்று அதே நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. இந்திய அரசு அதை ஏற்க மறுத்தது.

எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் அதில் சேராத இழப்புகள் உண்டு. மருத்துவமனைச் செலவுக்கு அடகு போன நகை மீளவில்லை. மாத்திரை வாங்க முடியாமல் போன மாதங்களில் ஏறிய சர்க்கரை பலருடைய சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட பெண்ணுக்கு இன்று கையில் குழந்தை. அவசரநிலை விலகியதால் இவர்களுடைய வாழ்க்கை பழைய இடத்துக்குத் திரும்பிவிடவில்லை. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் தாக்கிய நோய்தானே அது?

கிருமி பார்க்கவில்லை. ஆனால் நாம் வாழும் விதத்தில் ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வுகள் கிருமிக்கு வழிகாட்டின. 2020 கோடையில் சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை போன்ற வடசென்னை மண்டலங்களில் தொற்று வேகமாகப் பரவியது. ஒற்றை அறையில் ஐந்தாறு பேர், பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை, தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருக்கும் வரிசை என்று வாழ்பவரிடம் "விலகி இருங்கள், அடிக்கடி கை கழுவுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னோம். எங்கே விலகுவது, எந்தத் தண்ணீரில் கழுவுவது என்பதற்கு நம்மிடம் பதில் இல்லை.

சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தையையும் நினைத்துப் பாருங்கள். நகரமே அடைபட்டிருந்தபோதும் காய்கறி வரவேண்டும் என்பதற்காக அந்தச் சந்தை இயங்கியது. மூட்டை தூக்கியவர்கள் நெருக்கியடித்து வேலை செய்தார்கள், அங்கேயே படுத்தார்கள். மே மாதம் சந்தை மூடப்பட்டதும் ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாக அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை எகிறியது. செய்திகளில் அவர்கள் நோயைப் பரப்பியவர்களாகவே வந்தார்கள். நம் சமையலறைக்குக் கத்தரிக்காயும் வெங்காயமும் தடையின்றி வந்தது அவர்களால்தான் என்பதை யாரும் எழுதவில்லை.

2021இல் இரண்டாம் அலை வசதி உள்ளவர்களையும் உலுக்கியது என்பது உண்மை. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் என்ற கொரோனா மருந்தை வாங்க வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு அந்த மருந்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. அந்தச் செய்தி வரிசையில் நின்றவர்களிடம் வந்து சேரவில்லை. மருந்துக்கும் படுக்கைக்கும் இருந்த ஏற்றத்தாழ்வு நமக்குக் கண்ணில் பட்டது. உண்மைத் தகவல் யாருக்குக் கிடைக்கிறது என்பதிலும் அதே ஏற்றத்தாழ்வு இருந்தது.

மீட்பு முயற்சிகளில் உருப்படியாக ஏதாவது நடந்ததா?

நடந்தது. அதைச் சொல்லாமல் குறைகளை மட்டும் அடுக்குவது நேர்மையாகாது. என் பார்வையில் மிக முக்கியமானது மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது.

அதன் தேவை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 2020இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்களைப் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டது. அப்படி இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கே கட்டுக்குள் இருந்தது. கொரோனாவில் அதிகம் உயிரிழந்தவர்கள் இந்த இணைநோய் உள்ளவர்கள்தான். ஊரடங்கில் பஸ் இல்லை; அரசு மருத்துவமனை தொற்று நோயாளிகளால் நிரம்பியிருந்தது; மாதாமாதம் மாத்திரை வாங்கப் போனவர்கள் பயத்தில் போகாமல் விட்டார்கள்.

அதற்குக் கிடைத்த விடைதான் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோவது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர் ஒருவர் பிபி பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மருந்துப் பை ஆகியவற்றோடு வீடு வீடாக வருகிறார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலிநிவாரண சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகள் வருகின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் பன்முகமைப் பணிக்குழு இதற்கு விருது கொடுத்தது.

வாசற்படி வரை வரும் மருத்துவம் பணத்தை மட்டும் மிச்சப்படுத்தவில்லை. ஒரு கூலித் தொழிலாளி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வர அரை நாள் கூலியை இழக்கிறார். மூட்டுவலியுள்ள பாட்டிக்குத் துணைக்கு ஒருவர் போக வேண்டும். பெரும்பாலும் அது மருமகள். அவளுக்கும் வேலை கெடும். இந்தச் செலவுகள் எந்தப் பட்ஜெட்டிலும் வராது. சிகிச்சை பாதியில் நிற்பது பெரும்பாலும் இவற்றால்தான்.

மாத்திரை வீட்டுக்கு வந்தால் போதுமா?

போதாது. பகலில் வருபவர் வேலைக்குப் போன ஆண்களைப் பார்க்க முடிவதில்லை. கட்டட வேலை, லாரி, பனியன் கம்பெனி என்று போகிறவர்களில் பலருக்குத் தங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாது. மாத்திரை கொடுத்ததைப் பதிவேட்டில் எழுதுவது எளிது. ஆறு மாதத்தில் அழுத்தம் குறைந்ததா என்று பின்தொடர்வது கடினம். ஊரில் எத்தனை பேருக்கு மாத்திரை போகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்திருக்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

அந்த நாட்களில் முன்களப் பணியாளர்கள் என்று கொண்டாடப்பட்டவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒரு விடையைத்தான். தமிழ்நாட்டின் மீட்பு, வீடு தேடிப் போவதில் வென்றது. வீடு தேடிப் போகிறவர்களைத் தற்காலிகப் பணியாளர்களாகவே வைத்திருப்பதில் தோற்றுக்கொண்டிருக்கிறது.

செவிலியர்களை எடுத்துக்கொள்வோம். 2020இல் தொற்று உச்சத்தில் இருந்தபோது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பட்டியலிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தற்காலிகமாக எடுக்கப்பட்டார்கள். பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து ஒழுக, பிள்ளைகளை வாரக்கணக்கில் பார்க்காமல் வேலை செய்தார்கள். 2022 டிசம்பர் 31உடன் சுமார் 2,400 பேரின் பணி முடிந்தது, ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தவர்களிடம் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் மூலம் மறுபடியும் ஒப்பந்த வேலை தருவதாகச் சொன்னார்கள்.

தூய்மைப் பணியாளர்களின் நிலை இன்னும் கொடியது. 2020இல் அவர்கள் காலில் பூத்தூவி, மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் குப்பையை எடுத்தவர்கள் அவர்கள். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் போனதை எதிர்த்து, பல ஆண்டுகளாக அங்கே வேலை பார்த்தவர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் இருந்தார்கள். மாநகராட்சியே தங்களை நேரடியாக வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. 13ஆம் நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு அவர்களுக்குச் சில நலத்திட்டங்களை அறிவித்தது, காலை உணவு உட்பட. உணவு நல்லதுதான். அவர்கள் கேட்டது வேலைப் பாதுகாப்பு.

இவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். இந்த வேலை யாருடைய தலையில் விழுகிறது, யாருக்கு நிரந்தரம் மறுக்கப்படுகிறது என்ற கேள்வியில் சாதியைத் தவிர்த்துப் பேச முடியாது.

மக்களைத் தேடி வரும் தன்னார்வலருக்கு வருவதும் ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்லை. வருங்கால வைப்பு நிதி இல்லை, மகப்பேறு விடுப்பு இல்லை. ஒரு கிராமத்தின் ரத்த அழுத்தக் கணக்கு முழுவதையும் மனதில் வைத்திருக்கும் ஒரு பெண் அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். இவர்களை நிரந்தரமாக்க நீதி என்ற ஒரு காரணமே போதும். அது போதாது என்பவர்களுக்கு, அடுத்த தொற்றை எதிர்கொள்ளவும் இதுதான் வழி.

பிள்ளைகளின் படிப்பு மீண்டுவிட்டதா?

பெரும்பகுதி மீண்டது, எல்லோருக்கும் மீளவில்லை.

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேல். கல்வித் தொலைக்காட்சி இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் ஒரு டிவி, அதிலும் மின்வெட்டு. ஆன்லைன் வகுப்புக்கு அப்பாவின் கைப்பேசி மாலையில்தான் வீட்டுக்கு வரும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை கரும்பலகையைப் பார்க்காமலேயே இரண்டாம் வகுப்பின் பாதிக்கு வந்து நின்றது.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். திண்ணையில், கோயில் மண்டபத்தில், சமுதாயக்கூடத்தில், மரத்தடியில். சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதே தெருவில் இருந்த படித்த பெண்கள், மாதம் 1,000 ரூபாய்க்கு. சுமார் இரண்டு லட்சம் பேர்.

இது பலன் தந்ததா என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் தொற்றுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். பள்ளி திறந்த வேளையில் கணக்கில் பெரிய சரிவு. தமிழில் அதைவிடக் குறைவு. அடுத்த ஆறு மாதங்களில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மேலும், அந்த மாலை வகுப்புகளுக்கு அதிகம் வந்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். திட்டம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போனது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தத் தெருவோர வகுப்புகள் பள்ளி தராத ஒன்றைத் தெருவுக்குத் தந்தன என்று நான் நினைக்கிறேன். "எங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கிறார்களா" என்று அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். பிறகு மையங்கள் குறைந்துகொண்டே வந்தன. தொடக்க வகுப்புகளுக்கு 2022இல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது, அது பள்ளிக்குள் நடப்பது. மாலை வகுப்புகளை முற்றிலும் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தொற்று இல்லாத காலத்திலும் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத குழந்தைகள் இருக்கிறார்கள்.

பெண் குழந்தைகளின் நிலை?

பள்ளி மூடியிருந்த மாதங்களில் குழந்தைத் திருமணங்கள் கூடின. கூட்டம் கூடாத, செலவு குறைந்த கல்யாணம் என்று பெற்றோர் கணக்குப் போட்டார்கள். ஆசிரியர் கண்ணிலிருந்து பெண் மறைந்துவிட்டால் கேள்வி கேட்க ஆளில்லை.

இதற்கு எதிராக எழுந்தவற்றில் நான் மதிப்பது புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்குக் கொடுத்த உதவி இப்போது படிப்புக்குப் போகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்லூரிக்கும் வேலைக்கும் போய்வர வீட்டில் காசு கேட்க வேண்டியதில்லை என்ற நிலை ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரியது என்பது கேட்டு நின்றவர்களுக்குத் தெரியும்.

பள்ளிக் காலை உணவுக்கும் தொற்றுக்கும் என்ன தொடர்பு?

பள்ளி மூடியபோது பாடத்தோடு மதியச் சோறும் முட்டையும் நின்றன. அரிசியையும் முட்டையையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஆனால் பசியுள்ள வீட்டில் குழந்தையின் பங்கு எல்லோருடைய பங்காகிவிடும். பள்ளிச் சாப்பாடு எவ்வளவு பெரிய தூண் என்பது அப்போது பலருக்கு விளங்கியது.

இந்த மண்ணில் அது புதியதல்ல. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியார் தொடங்கினார்கள். காமராசர் 1956இல் விரித்தார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்கான காலை உணவு தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார். சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள்.

சில ஊர்களில் பட்டியல் சாதிப் பெண் சமைத்ததால் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். ஒரே பந்தியில் உட்கார மறுக்கும் ஊரை நலமான ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அங்கெல்லாம் சமையல் செய்தவரை மாற்றாமல் அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் போய் அமர்ந்து அவர் கையால் சாப்பிட்டதுதான் சரியான மருந்து.

பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு என்ன உதவி கிடைத்தது?

கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, 18 வயதில் வட்டியோடு கிடைக்கும் என்று தமிழ்நாடு அரசு 2021 மே மாதம் அறிவித்தது. ஒருவரை இழந்திருந்தால் மற்றவருக்கு 3 லட்சம். உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு 18 வயது வரை மாதம் 3,000. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கொரோனா இறப்பு ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் கருணைத்தொகை வந்தது. இறப்புச் சான்றில் காரணம் சரியாக எழுதப்படாத குடும்பங்கள் இதற்காக அலைந்தன. எனவே மரணத்தின் காரணத்தைச் சான்றிதழில் சரியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது, இறந்தவரின் குடும்பத்துக்கு நீதி கிடைப்பதோடு நேரடியாகச் சேர்ந்த விஷயம்.

அன்றாடக் கூலி வேலை செய்பவர்களுக்கு அடுத்த ஊரடங்கில் என்ன பாதுகாப்பு?

முழுமையான பாதுகாப்பு இன்னும் இல்லை. 2020இல் நலவாரிய உதவித்தொகை பதிவு பெற்றவர்களுக்கே கிடைத்தது. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வாரியங்கள் இருக்கின்றன. ஆனால் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், புதிதாக வந்த உணவு விநியோக ஊழியர்கள் என்று வெளியே நின்றவர்கள் ஏராளம். இன்று செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள வேலை: உங்கள் தெருவில் இருக்கும் தொழிலாளர்களை நலவாரியத்தில் பதிய வைப்பது, காலாவதியான அட்டைகளைப் புதுப்பிக்க உதவுவது.

வடமாநிலத் தொழிலாளர்களையும் மறந்துவிடக் கூடாது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் நடப்புக்கு வந்தது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர் தம் ஊர் அட்டையைக் கொண்டே திருப்பூரிலோ ஓசூரிலோ அரிசி, கோதுமை வாங்கலாம். இது தெரியாத தொழிலாளர்கள் பலர். கடைக்காரரிடம் மொழி தெரியாமல் திரும்பிவிடுபவர்களும் உண்டு. கூடப் போய் ஒரு வார்த்தை பேசினால் போதும்.

2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தத்தையும் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்த பெண்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்றது அது. கேரளம் 2018இல் செய்ததை நாமும் செய்தோம். நாற்காலி இல்லாத கடையைப் பார்த்தால் உரிமையாளரிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் சீக்கிரம் வரும்.

தொற்றுக் காலத்தில் காவல்துறை கடுமையாக இருந்தது தேவைதானே?

இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையும் மகனும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். இருவரும் காவல் சித்திரவதையால் இறந்தார்கள். சிபிஐ விசாரித்துக் காவலர்கள் மீது கொலைக் குற்றச்சாட்டு வைத்தது. ஒரு சுகாதார விதியை லத்தியால் நடத்தினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

அப்போது நாடெங்கும் பயன்பட்டது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாய் பிளேக்கின்போது ஆங்கிலேயர் அவசரமாக இயற்றியது. அதிகாரிக்கு வானளாவிய அதிகாரம், மக்களுக்கு ஓர் உரிமையும் இல்லை. நம்மிடம் அதைவிட நல்ல மரபு உண்டு. 1939ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. குடிநீர், கழிவு, உணவு, தொற்று எல்லாவற்றுக்கும் உள்ளாட்சியைப் பொறுப்பாக்கியது அது. அடுத்த முறை கட்டுப்பாடுகளை அறிவிக்க முதலில் வரவேண்டியவர் சுகாதார ஆய்வாளர்.

நோயாளிகளை ஊர் ஒதுக்கியதே, அந்தக் காயம் ஆறிவிட்டதா?

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்கள். சக மருத்துவரே குழி தோண்டி அவரைப் புதைக்க வேண்டியிருந்தது. உடனே அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்றது. அதே ஆண்டில் நோய் வந்த வீடுகளைத் தகரம் அடித்து மூடினார்கள். தகரத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தமக்குக் காய்ச்சல் வந்தபோது சொல்லாமல் மறைத்தார். ஒதுக்குதல் நோயைப் பரப்பியது.

மறுபக்கமும் இருந்தது. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தின் (தமுமுக) தொண்டர்கள் மதம் பாராமல் நூற்றுக்கணக்கான உடல்களை அவரவர் வழக்கப்படி அடக்கம் செய்தார்கள், எரியூட்டினார்கள். பெற்ற பிள்ளைகளே நெருங்க அஞ்சிய நாட்களில் அதைச் செய்தார்கள். அந்த மனிதர்களை அந்தந்த ஊர் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லி நினைவுகூரவில்லை என்பது என் வருத்தம்.

தடுப்பூசி பற்றிய வதந்திகளை எப்படி எதிர்கொள்வது?

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் மறைந்தார். தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மத்திய நிபுணர் குழு கண்டறிந்தது. ஆனால் அந்த முடிவு வந்தபோது அச்சம் ஊரூராகப் பரவி முடிந்திருந்தது. ஊரில் எல்லோரும் நம்பும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் அச்சம் குறையும். 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்றால், அதற்குப் பின்னால் இப்படிப் பேசிய ஆயிரக்கணக்கான செவிலியர்கள் இருந்தார்கள்.

மனநலத்துக்கு எங்கே உதவி கேட்பது?

14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. துக்கம் முடிக்கக் கூட்டமே கூடாமல் போன குடும்பங்கள், பதினாறாம் நாள் காரியத்தைக்கூட உறவுகள் இல்லாமல் செய்தவர்கள் பலர். அவர்களைப் போய்ப் பார்த்து இறந்தவரைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

நான் ஒரு சாதாரண ஆள். என் ஊரில் நான் என்ன செய்ய முடியும்?

கிராமத்தில் இருந்தால் கிராம சபைக்குப் போங்கள். தொற்றுக் காலத்தில் கூட்டம் கூடாது என்று சபைகள் நின்றன. பிறகு ஆண்டுக்கு நான்கு என்பது ஆறாக உயர்த்தப்பட்டது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. பல வார்டுகளில் ஒழுங்காகக் கூடுவதில்லை. கூட்டச் சொல்லிக் கேட்பதே முதல் வேலை.

பொதுவாகப் புகார் சொன்னால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். நம் ஊரில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்குபவர்கள் எத்தனை பேர், அதில் கட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர்? துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் காலியாக இருக்கிறதா, எத்தனை மாதமாக? கிராம சுகாதார, குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு வரும் 10,000 ரூபாய் எதற்குச் செலவானது, அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? காலனிக்குத் தண்ணீர் நாளுக்கு எத்தனை மணி நேரம் வருகிறது, ஊர்த்தெருவுக்கு எத்தனை மணி நேரம்? பள்ளியிலிருந்து நின்ற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கிறது? தூய்மைக் காவலர்களுக்கு இந்த மாதத் தொகை வந்துவிட்டதா, கையுறையும் காலணியும் கொடுத்தார்களா?

தனியாகப் போய்க் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் பத்துப் பேரோடு போங்கள். கேட்கப்போகும் கேள்விகளைச் சுகாதாரத் தன்னார்வலரிடம் முன்பே கலந்து பேசிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவருக்குத் தெரிந்த அளவு ஊரில் யாருக்கும் தெரியாது. அவருடைய ஊக்கத்தொகையைச் சம்பளமாக்க வேண்டும் என்பதையும் ஒரு தீர்மானமாகவே முன்வையுங்கள்.

தீர்மானம் போட்டால் நடந்துவிடுமா?

உடனே நடக்காது. ஆனால் வாய்மொழிக் கோரிக்கைக்கு இல்லாத ஒரு வலு எழுதிய தீர்மானத்துக்கு உண்டு. பதிவேட்டில் உங்கள் சொற்களிலேயே எழுதப்பட்டதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். தீர்மான நகலை ஊராட்சிச் செயலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பியுங்கள். அந்த நகலோடு வட்டார மருத்துவ அலுவலரையும் வட்டார வளர்ச்சி அலுவலரையும் பாருங்கள். அடுத்த கிராம சபையில் முதல் பொருளாக, சென்ற தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.